அப்பாருக்கு ஒரு கைத் தண்ணீர்

ஆடி அமாவாசை. பொழுது இன்னும் விடியவில்லை.

காங்கேயம் பஸ் நிலையத்தில் நிற்க இடம் இல்லை. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பச்சரிசி, ஒரு பொட்டலம் கறுப்பு எள், மாற்று வேட்டி. இவற்றையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். எல்லாரும் போவது ஒரே இடத்துக்குத்தான். கொடுமுடிக்கு!

அப்பனை இழந்தவர், அம்மாவை இழந்தவர், இருவரையும் இழந்தவர் என்று பலர் அந்தப் பஸ்ஸில் ஏறுகிறார்கள். பட்டினி வயிற்றோடு புறப்பட்டவர்களே அதிகம். தண்ணீர் விட்டு முடிக்கும்வரை காப்பித் தண்ணிகூடக் கிடையாது.

முத்தூரைத் தாண்டியதும் பஸ் ஒரு பாலத்தில் ஏறுகிறது. கீழே ஓர் ஆறு. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் சிறுவன் எட்டிப் பார்க்கிறான்.

"ஏனுங்கப்பா, இதும் ஆறுதானுங்க? இங்கயே எறங்கி அப்பாருக்குத் தண்ணி உட்டா ஆகாதுங்களா?"

"பேசாம இரு கண்ணு. இது சாயத் தண்ணி."

"அப்பாரு அதக் குடிக்க மாட்டாருங்களா?"

தகப்பனார் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வார்? பாலம் தாண்டிவிட்டது.

ஆடி அமாவாசைக்கு அமாவாசை இப்படி ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பிள்ளையின் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. "அப்பாரு" என்றால் கொங்கு நாட்டில் அப்பாவைப் பெற்ற தாத்தா. அவர் மேல் பேரனுக்கு உள்ள பாசத்தில் பிறந்த கேள்வி அது. அந்த ஆற்றின் பெயர் நொய்யல்.

தென்புலத்தார்

இறந்துபோனவர்களுக்குச் செய்யும் கடன் தமிழனுக்குப் புதிதல்ல.

திருவள்ளுவர் இல்லறத்தானுக்கு ஐந்து கடமைகளைச் சொல்கிறார். அந்த ஐந்தில் முதலில் வருவது தெய்வம்கூட அல்ல, தென்புலத்தார்! தெற்குத் திசையில் வாழ்வதாக நம்பப்படும் முன்னோர்கள். தெய்வம், விருந்தாளி, சுற்றம், தான் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவருக்கு முந்திய புறநானூற்றில் இன்னொரு செய்தி இருக்கிறது. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி படையெடுப்பதற்கு முன் பகைவர் நாட்டில் பறையறைந்து சொல்வானாம். பசுக்கள், அந்தணர், பெண்கள், நோயாளிகள் எல்லாரும் பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள் என்பான். அந்த வரிசையில் இன்னொரு கூட்டமும் உண்டு. தென்திசை முன்னோருக்குக் கடன் கொடுக்கப் பிள்ளை பெறாதவர்கள்! அவர்கள் செத்துவிட்டால் வம்சத்தில் தண்ணீர் விட ஆள் இருக்காதே என்று எதிரிக்குக்கூட அந்தக் கவலை. இதைப் பாடியவர் நெட்டிமையார்.

சடங்கில் இருப்பது என்ன? பார்த்தால் மிகச் சின்னது.

தெற்கு முகமாக உட்கார வேண்டும். மோதிர விரலில் தர்ப்பைப் புல்லால் செய்த பவித்திரம். உள்ளங்கையில் கொஞ்சம் எள். அதன் மேல் தண்ணீர் விட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழிய விட வேண்டும். தேவர்களுக்கு விரல் நுனி வழியாக; முன்னோருக்கு இந்த வழியாக. அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லி விடுவார்கள். அம்மா வழியிலும் அப்படியே. இதுதான் தர்ப்பணம். "தர்ப்பணம்" என்றால் திருப்தி செய்வது என்று பொருள்.

வசதி உள்ளவர்கள் அரிசி மாவிலோ சோற்றிலோ உருண்டை பிடித்து வைப்பார்கள். அது பிண்டம். இறந்த நாளின் திதி வருஷம் ஒரு முறை வரும்போது செய்வது சிராத்தம். நாட்டுப்புறத்தில் இதையே "திதி கொடுக்கிறது" என்பார்கள். திதி என்பது தேதி அல்ல. பிறையின் வளர்ச்சி, தேய்வை வைத்துக் கணக்கிடும் நாள். பிரதமை, துவிதியை, திருதியை என்று எண்ணிக்கொண்டே போய் அமாவாசையிலோ பௌர்ணமியிலோ முடியும்.

மாதம் ஓர் அமாவாசை வருகிறது. ஆனால் மூன்று அமாவாசைகளுக்குத் தனி மதிப்பு. ஆடி, புரட்டாசி, தை. ஆடியில் முன்னோர்கள் தங்கள் உலகத்திலிருந்து புறப்படுகிறார்கள். புரட்டாசியில் பிள்ளைகளின் வீட்டு வாசலுக்கு வந்து சேருகிறார்கள். தையில் திரும்பிப் போகிறார்கள். இது பரம்பரையாக வரும் நம்பிக்கை.

கர்ணனுக்குச் சோறு இல்லை

புரட்டாசி அமாவாசைக்கு முந்திய பதினைந்து நாளுக்கு மகாளய பட்சம் என்று பெயர். இதற்குக் கிராமத்தில் ஒரு கதை சொல்வார்கள்.

போரில் இறந்த கர்ணன் சொர்க்கத்துக்குப் போனான். அங்கே பசித்தது. தட்டில் வந்தது என்ன? பொன்னும் மணியும்! சோறு எங்கே என்று கேட்டான். "நீ வாழ்நாள் முழுவதும் பொன்னைத்தான் தானம் செய்தாய். முன்னோர் பெயரைச் சொல்லி யாருக்கும் சோறு போடவில்லை. கொடுத்ததுதான் கிடைக்கும்" என்று பதில் வந்தது. கர்ணன் கலங்கிப் போனான். அவன்தான் யார் பிள்ளை என்றே தெரியாமல் வளர்ந்தவன் ஆயிற்றே! முன்னோர் பெயர் அவனுக்கு எப்படித் தெரியும்? அதனால் பதினைந்து நாள் விடுமுறை கொடுத்துப் பூமிக்கு அனுப்பினார்கள். அவன் வந்து அன்னதானம் செய்துவிட்டுப் போன நாட்கள்தான் மகாளய பட்சம் என்பது கதை.

கதையை நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. அந்தப் பதினைந்து நாளில் ஓர் ஏழைக்குச் சோறு கிடைத்தால் அது நல்ல கதைதான்.

இந்தப் பட்சத்தில் யாரையும் விட்டுவிடாமல் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சுமங்கலியாகப் போனவர்களுக்கு நவமி. விபத்திலும் ஆயுதத்தாலும் மாண்டவர்களுக்குச் சதுர்த்தசி. எந்த நாளில் இறந்தார் என்றே தெரியாதவர்களுக்கு அமாவாசை. வெளியூர் போனவன் திரும்பி வரவில்லை, கடலுக்குப் போனவன் கரை சேரவில்லை என்று கண்ணீரோடு இருக்கும் வீடுகளுக்கு இந்த அமாவாசை பெரிய ஆறுதல்.

மாடும் ஓய்வு எடுக்கும்

பார்ப்பனர் வீட்டுச் சடங்கு ஒரு விதம். குடியானவர் வீட்டு வழக்கம் இன்னொரு விதம். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மந்திரம் அதிகம் கேட்காது. அமாவாசை என்றால் வீட்டை மெழுகி, விரதம் இருந்து, வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு என்று சமைத்து, இலை போட்டுப் படைத்து, காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். பசு மாட்டுக்கு ஒரு கட்டு அகத்திக் கீரை.

பழைய குடியானவர்கள் அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள். காங்கேயம் காளைக்கு மாதத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு! டிராக்டர் வந்த பிறகு அந்தக் காளைக்கு எல்லா நாளும் ஓய்வாகிவிட்டது. அது வேறு கதை.

வீட்டில் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவதும், கணவனோடு தீயில் இறங்கியவளை வீரமாத்தி என்று கோயில் கட்டிக் கும்பிடுவதும், ஊரைக் காக்கச் செத்தவனுக்குக் கல் நடுவதும் இந்த மண்ணின் வழக்கம். அண்ணன்மார் சாமி என்று கொங்கு மக்கள் கும்பிடும் பொன்னரும் சங்கரும்கூட, கதைப்படி, போரில் மாண்ட அண்ணன் தம்பிகள்தான். செத்தவரை மறக்காத ஊர் இது.

எவ்வளவு காலமாக மறக்கவில்லை? அதற்கும் கணக்கு இருக்கிறது.

கொடுமணல் கல்லறைகள்

காங்கேயத்துக்கு வடக்கே, சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்று ஒரு கிராமம் உண்டு. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. 1985-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம், மத்திய தொல்லியல் துறை, 2020-ஐ ஒட்டித் தமிழ்நாடு தொல்லியல் துறை என்று பலர் தோண்டினார்கள்.

கிடைத்தது இரண்டு. ஒரு பக்கம் ஊர். மறு பக்கம் சுடுகாடு. இரண்டுமே 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை.

ஊரில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், மணிகள் செய்த பட்டறைகள், பானை ஓட்டில் எழுத்து வெட்டிய பெயர்கள். சுடுகாட்டுப் பக்கம் வட்ட வட்டமாகக் கல் அடுக்கிய ஈமக் குழிகள். பெரிய பலகைக் கற்களை நிறுத்தி அறை செய்து, ஓர் ஓரத்தில் வட்டமாகத் துளை விட்டிருக்கிறார்கள். உள்ளே எலும்பு, அதோடு சோற்றுப் பானை, தண்ணீர்க் கிண்ணம், வாள், மணி மாலை. ஒரே கல்லறையில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன!

செத்தவருக்கு எதற்குச் சோற்றுப் பானை? போகிற வழியில் பசிக்குமே என்றுதான். இன்று எள்ளும் தண்ணீரும் விடும் பேரனுக்கும், அன்று பானையில் தண்ணீர் வைத்தவனுக்கும் நடுவே 2,000 ஆண்டு. கவலை மட்டும் ஒன்றேதான்.

அவன் வைத்த தண்ணீர் எது? பக்கத்தில் ஓடிய நொய்யல் தண்ணீர்தான். அதில் சாயம் இல்லை.

காஞ்சி மாநதி

நொய்யலுக்குப் பழைய பெயர் காஞ்சி மாநதி. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. கோயமுத்தூரைத் தொட்டு, சூலூர் வழியாகத் திருப்பூருக்கு வந்து, காங்கேயம் சீமையின் வடக்கு ஓரமாகக் கிழக்கே போய், கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் விழுகிறது. நீளம் சுமார் 100 மைல்.

சாதாரண ஆறு அல்ல. கோயமுத்தூருக்கு மேற்கே பேரூரில் இதன் கரையில்தான் பட்டீசுவரர் கோயில் இருக்கிறது. பேரூருக்கு முக்தித் தலம் என்று பெயர். பிறவாப் புளி, இறவாப் பனை என்று இரண்டு மரங்களைப் பற்றி அங்கே சொல்வார்கள். பேரூர் ஆற்றில் போட்ட எலும்பு வெண்கல்லாகிவிடும் என்று ஐதிகம். கோவை ஜில்லாவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பேரூர்ப் படித்துறையை நினைக்காமல் இருக்க மாட்டார்கள்.

அந்த ஆறுதான் திருப்பூர் தாண்டியதும் நிறம் மாறியது. பனியன் வியாபாரம் பெருகியது. வெளிநாட்டுக்குப் பனியன் போனது, டாலர் வந்தது. பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு கிடைத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் நூற்றுக்கணக்கான சாயப் பட்டறைகளின் கழிவும் ஆற்றில் வந்தது.

1992-ல் காங்கேயத்துக்கு வடக்கே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே அணை கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் என்று சர்க்கார் திட்டம். வானம் பார்த்த பூமிக்கு வாழ்வு வந்தது என்று குடியானவர் சந்தோஷப்பட்டார்கள். சில வருஷத்திலேயே அந்த அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது! கிணறுகள் உப்பாயின. தென்னை வாடியது. மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்தது. அணை வேண்டும் என்று கேட்ட அதே ஜனங்கள், தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. உலகத்தில் எந்த ஊர்க் குடியானவனும் அணையில் தண்ணீர் நிறுத்தாதே என்று கெஞ்சியிருப்பானா?

ஆற்றுப் பாசன விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006-ல் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்றது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. அப்படியும் நிற்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28-ந் தேதி, சாயப் பட்டறைகளை மூடு என்று ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. கழிவு நீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் வசதி செய்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறக்க முடிந்தது. ஆற்றின் நிறம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் ஊர்ச் சாக்கடையும், இருட்டில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் சாயமும் இன்னும் தொலையவில்லை. பஸ்ஸில் வந்த தகப்பனார் சொன்னது பொய் அல்ல.

கொடுமுடியும் கூடுதுறையும்

காங்கேயத்திலிருந்து கொடுமுடி ஏறத்தாழ 45 கிலோமீட்டர். கிழக்கே போனால் காவிரிக் கரை. மகுடேசுவரரும் வீரநாராயணப் பெருமாளும் ஒரே கோயிலில். வன்னி மரத்தடியில் பிரம்மா. மும்மூர்த்தியையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி எடுக்கும் கொங்கு ஜனங்கள் இங்கிருந்துதான் காவிரித் தீர்த்தம் சுமந்து போவார்கள். கே. பி. சுந்தராம்பாள் என்ற பெயரில் உள்ள முதல் எழுத்தும் இந்தக் கொடுமுடிதான்.

பவானிக் கூடுதுறை இன்னும் பெரிய கூட்டம். காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரிந்து கலக்கின்றன. அமுத நதி கண்ணுக்குத் தெரியாமல் கலக்கிறது என்பது நம்பிக்கை. சங்கமேசுவரர் கோயில் வேதநாயகி அம்மனுக்கு 1804-ல் கோவைக் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ என்ற வெள்ளைக்காரர் தந்தக் கட்டில் காணிக்கை கொடுத்தார். அம்மன் தன் உயிரைக் காப்பாற்றினாள் என்று அவருக்கு நம்பிக்கை.

தமிழ்நாடு முழுவதும் இப்படித் துறைகள் உண்டு. ராமேசுவரம், வேதாரணியம், பூம்புகார், பாபநாசம், ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம். பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் திலதர்ப்பணபுரி. ராமர் அங்கே தசரதனுக்கு மட்டுமல்ல, ஜடாயுவுக்கும் எள்ளும் நீரும் விட்டாராம். ஒரு பறவைக்கு!

கடல் தாண்டினாலும் வழக்கம் மாறவில்லை. யாழ்ப்பாணத்தார் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் தீர்த்தமாடுவது கடலோரத்தில் இருக்கும் கீரிமலைக் கேணியில். 1990-க்குப் பிறகு போரினால் பல வருஷம் அங்கே போக முடியாமல் தவித்தார்கள்.

துணி மூட்டை

கொடுமுடியிலும் கூடுதுறையிலும் அமாவாசை மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும். வேட்டி, சட்டை, சேலை, துண்டு, பிளாஸ்டிக் பை, உடைந்த சட்டி, சாமி படம்! கரையெல்லாம் ஈரத் துணிக் குவியல். பாதி கரையில், மீதி ஆற்றின் அடியில். கால் வைத்தால் துணி சுற்றிக்கொள்கிறது. பாபநாசத்தில் தாமிரபரணிக்குள் தொண்டர்கள் இறங்கித் துணியை அள்ளி அள்ளிக் கரையில் போடுகிறார்கள்.

கட்டியிருந்த துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எள், தண்ணீர், தர்ப்பை. இந்த மூன்றைத் தவிர ஆற்றில் விடச் சொல்லும் எதுவும் தர்ப்பணத்தில் இல்லை. அந்தக் காலத்தில் கழித்த துணி வண்ணாருக்குப் போகும். வெளுத்து ஒருவர் உடுத்துவார். தப்பித் தவறி ஆற்றில் போனாலும் அது பருத்தி. மாதக் கணக்கில் மக்கி மண்ணாகிவிடும். இன்றைய சேலையும் சட்டையும் பெரும்பாலும் பாலியஸ்டர். போட்டவர் பேரன் கிழவனாகும்போதும் அது ஆற்றுக்குள் அப்படியே கிடக்கும்.

சாயம் ஓர் ஆற்றைக் கெடுத்தது. அதே சாயம் ஏற்றிய துணி இப்போது இன்னோர் ஆற்றைக் கெடுக்கிறது. முதலில் கெடுத்தது முதலாளிகள் என்று சொல்லலாம். இரண்டாவதை யார் மேல் சொல்வது?

பகீரதன் கதை எல்லாருக்கும் தெரியும். சகரனின் பிள்ளைகள் 60,000 பேர் சாம்பலாகக் கிடந்தார்கள். அவர்களைக் கரையேற்றப் பகீரதன் தவம் இருந்து கங்கையையே பூமிக்குக் கொண்டுவந்தான். முன்னோருக்காக ஓர் ஆற்றைக் கொண்டுவந்தான். இங்கே முன்னோர் பெயரைச் சொல்லி ஓர் ஆற்றை மூடுகிறார்கள்!

என்ன செய்யலாம்? பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். உடுத்திய துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விட்டே ஆக வேண்டும் என்று மனம் கேட்காதவர்களுக்குக் கரையிலே கோயிலோ பேரூராட்சியோ பெரிய தொட்டி வைத்து, அதில் போடச் சொல்லலாம். அள்ளிய துணியை அன்றே அப்புறப்படுத்தினால் போதும். எள் பொட்டலம் பிளாஸ்டிக்கில் வருவதை நிறுத்தி, வாழை இலையிலோ காகிதத்திலோ கட்டி விற்கச் சொல்லலாம். அதோடு இன்னொன்று. சடங்கு செய்து வைப்பவருக்கு இவ்வளவு என்று ஒரு பலகை எழுதித் தொங்கவிடலாம். துக்கத்தோடு வந்தவன் தகப்பனுக்காகப் பேரம் பேசிக்கொண்டு நிற்பது பார்க்கச் சகிக்காத காட்சி.

ஜப்பானில் இதே போல் ஒரு வழக்கம். அங்கே ஓபோன் என்று முன்னோர் திருவிழா நடக்கும். வந்த முன்னோரை வழியனுப்பக் காகித விளக்குகளை ஆற்றில் மிதக்க விடுவார்கள். ஆறு கெடுகிறது என்று தெரிந்ததும், பல ஊர்களில் கொஞ்ச தூரம் தள்ளி விளக்குகளைப் பிடித்து அள்ளிவிடுகிறார்கள். விளக்கு விடுவதையும் நிறுத்தவில்லை, ஆற்றையும் விடவில்லை.

வீட்டிலே விடலாம்

ஆற்றுக்குப் போனால்தான் உண்டு என்பதும் இல்லை. கிணற்றடியில், வீட்டு முற்றத்தில், ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு விடலாம். விட்ட தண்ணீரை மரத்தடியில் ஊற்றலாம். 2020 ஜூலை 20 ஆடி அமாவாசையிலும், 2021 ஆகஸ்ட் 8 ஆடி அமாவாசையிலும் கொரோனா காரணமாக ஆற்றங்கரைகளில் கூடத் தடை போட்டார்கள். அந்த இரண்டு வருஷமும் லட்சக்கணக்கான வீடுகளில் தாம்பாளத்தில்தான் தண்ணீர் விட்டார்கள். அந்த வருஷத்து முன்னோர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டதாகத் தகவல் இல்லை.

இன்னொரு கேள்வியும் வீடுகளில் எழுகிறது. மகன் இல்லாத வீட்டில் மகள் விடலாமா? மனைவி விடலாமா? கூடாது என்று அதட்டுகிறவர்கள் புறநானூற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். வேள் எவ்வி என்று ஒரு வள்ளல். எப்போதும் பெரிய பந்தியோடு சாப்பிட்டே பழகியவன். அவன் இறந்த பிறகு வெள்ளெருக்கிலையார் என்ற புலவர் வருகிறார். யானைக் காலடி அளவு இடத்தை மெழுகி, புல்லைப் பரப்பி, அதன் மேல் சின்னப் பிண்டம் வைத்திருப்பதைப் பார்த்து அழுகிறார். ஊரோடு உண்டவன் இந்தச் சின்ன உருண்டையைத் தனியாக எப்படி உண்பான் என்று கேட்கிறார். அந்தப் பிண்டத்தை வைத்தது யார்? எவ்வியின் மனைவி! இன்று அங்கங்கே மகள்கள் கொள்ளி வைக்கிறார்கள், திதி கொடுக்கிறார்கள். அது புதுப் பழக்கம் என்று மூக்கில் விரல் வைக்க ஒன்றும் இல்லை.

காக்கை

கொடுமுடியில் பொழுது ஏறிவிட்டது. காங்கேயத்துக் குடும்பம் ஆற்றில் முங்கி எழுந்து, தண்ணீர் விட்டு முடித்துவிட்டது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து, தகப்பனார் கையில் வழியும் எள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐயர் பெயர் கேட்டபோது, அப்பாரு பெயரை அவன்தான் முந்திக்கொண்டு சொன்னான்.

எழுந்ததும் தகப்பனார் ஈர வேட்டியைச் சுருட்டி ஆற்றில் வீசக் கையை ஓங்கினார். பையன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கை இறங்கியது. வேட்டியை முறுக்கிப் பிழிந்து பைக்குள் திணித்தார்.

மத்தியானம் வீடு திரும்பியபோது ஆத்தா சமையலை முடித்து வைத்திருந்தாள். இலையில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, வடை. ஒரு பிடி எடுத்து ஓட்டு மேல் வைத்தார்கள். காக்கையைக் காணோம். பையன் தொண்டை கட்டும்வரை "கா... கா..." என்று கூப்பிட்டான். வெகு நேரம் கழித்துத் தென்னை மரத்திலிருந்து ஒன்று இறங்கி வந்து, சோற்றை விட்டுவிட்டு வடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

ஆத்தா சிரித்துவிட்டாள்.

"அவருக்கு எப்பவும் வடைதான் மொதல்ல. எலையப் போடு சாமி, சாப்பிடலாம்."